‘ஸ்ட்ரூ’வுக்குத் தமிழில் என்ன?

1994 ஜூலை 18, திங்கள்

பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாததால் இன்றுமுதல் நாட்குறிப்பு எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். என் மனைவி வடிவு வெள்ளிக்கிழமை தென்காசிக்குப் போயிருக்கிறாள். தம்பி வீட்டில் நாலு நாள் தங்கிச் சாரல் பார்த்துவிட்டு வருவாள். முப்பத்தோரு வருடத்தில் ஒருநாளும் அவள் சாரல் பார்க்க ஆசைப்பட்டதில்லை. இப்போது வந்திருக்கிறது, நல்லதுதான். தையல் மெஷினின் ஊசியை மட்டும் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். சாரலுக்கு ஊசி எதற்கு என்று கேட்டேன், பையின் வாயை இழுத்து மூடினாள். வியாழக்கிழமை வந்துவிடுவாள்.

என் வேலை நல்லபடியாகப் போகிறது. ஆங்கிலம்–தமிழ்ப் பேரகராதியில் எனக்கு ஒதுக்கிய பகுதி, அடுப்பைக் குறிக்கும் ‘ஸ்டவ்’வில் தொடங்கிப் பன்றித் தொழுவத்தைக் குறிக்கும் ‘ஸ்டை’யில் முடிகிறது. மொத்தம் இருநூற்றுப் பதினைந்து சொற்கள், சொல்லுக்கு ஓர் அட்டை. இருநூற்றுப் பதினான்கை முடித்துக் கொடுத்துவிட்டேன். பாக்கி ஒன்றே ஒன்று: ‘ஸ்ட்ரூ’. பல பொருள்களை ஓரிடத்தில் ஒழுங்கில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போட்டு வைப்பது என்று பொருள். இதற்கு ஒரே சொல்லில் தமிழ் வேண்டும். அடுத்த மாதம் 22ஆம் தேதி தொகுதி அச்சுக்குப் போகிறது.

வடிவு புறப்படும்போது வாசலில் நின்று, “முப்பத்தோரு வருசமா நீங்க எறச்சுப் போடுதீய, நான் பொறுக்குதேன். இனி நம்மால ஆவாது” என்று ஏதோ சொன்னாள். என் மனம் முழுக்க ‘ஸ்ட்ரூ’விலேயே இருந்ததால் சரியாகக் காதில் விழவில்லை.

ஜூலை 19, செவ்வாய்

சோறு குழைந்துவிட்டது. கரண்டியைக் காணவில்லை.

ஜூலை 21, வியாழன்

‘ஸ்ட்ரூ’வின் பூர்வீகத்தைப் பார்த்துவிட்டேன். வைக்கோலைக் குறிக்கும் ‘ஸ்ட்ரா’ இதன் உடன்பிறப்பு. பழைய காலத்து ஆங்கிலேயன் தரையில் அள்ளிப் போட்டது எதுவோ, அதுவே ஸ்ட்ரா. லத்தீன் வழியாக ‘ஸ்ட்ரீட்’டும் ஒருவகையில் தூரத்துச் சொந்தம். கல்லைப் பரப்பியதால் தெரு. ஆக வைக்கோல், தெரு, போட்டு வைத்தல் மூன்றும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தில் ஒருத்தரும் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போனதாகத் தெரியவில்லை.

தமிழில்தான் பிடி கிடைக்கவில்லை. ‘தூவு’ என்றால் பூ, மிளகுத்தூள். அதில் ஒரு நளினம் வந்துவிடுகிறது. ‘தெளி’ தண்ணீருக்கு. ‘விதை’ என்றால் பின்னால் முளைக்க வேண்டும். ‘சிதறு’ தானாக நடப்பது, ‘சிதறடி’ அடித்து நடத்துவது. ‘பரப்பு’ என்றால் வற்றல் காயப்போட்ட மாதிரி ஒரு சீர் வந்துவிடுகிறது. ‘சொரி’ என்று எழுதினால் படிக்கிறவன் முதுகை நினைப்பான்.

ஆராய்ச்சி என்றால் நேரில் செய்து பார்க்க வேண்டும். அஞ்சறைப் பெட்டியை எடுத்து ஒரு கை கடுகைக் கூடத்தில் வீசினேன். என்ன செய்தேன் என்று எனக்கே ஒரு வினைச்சொல் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. பிறகு ரவை. பிறகு செருப்பு, செய்தித்தாள், வேட்டி. எதற்கும் வரவில்லை. எல்லாம் அப்படியே கிடக்கட்டும், பார்த்துக்கொண்டே இருந்தால் சொல் வரும்.

வடிவு இன்று வரவில்லை. சாரல் நன்றாக இருக்கும்போல. திங்கள் வருவாள்.

ஜூலை 23, சனி

காலையில் கனகா டீச்சர் வந்தார். வடிவின் வாடிக்கை. ஆவணியில் தங்கை கல்யாணமாம், நாலு ப்ளவுஸ் தைக்க வேண்டுமாம்.

“வடிவக்கா இல்லையா அண்ணாச்சி?”

“தென்காசிக்குச் சாரல் பார்க்கப் போயிருக்கா.”

“அக்காவா? சாரலா?” என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். உள்ளே ஓர் அடி எடுத்து வைத்தவர் கடுகில் வழுக்கி, கதவைப் பிடித்துக்கொண்டார். “சரி, அளவு நோட்டையாவது எடுத்துத் தாங்க. நான் வேற ஆளுகிட்ட தச்சுக்கிடுதேன். எனக்கு அக்கா அளவுதான் சரியா வரும்.”

நோட்டு இப்போது இல்லை என்றேன். எங்கே என்றார். ‘எஸ்’ வரிசையில் இருக்கிறது என்றேன். அவர் போய்விட்டார்.

இதை இங்கே விளக்கிவிடுவது நல்லது. அலுவலகத்தில் நாலு மாதமாக அட்டை இல்லை. எழுதிக் கேட்டால் வரும் வரும் என்கிறார்கள். மெஷின் பெட்டிக்குள் தடித்த தாளில் ஒரு பழைய நோட்டு கிடந்தது. ஒவ்வொரு தாளிலும் ஒரு பக்கத்தில்தான் ஏதோ எண்கள், மறுபக்கம் வெள்ளை. அளவும் அட்டை அளவேதான். அலுவலகக் கத்தரிப்பு எந்திரத்தில் ஒரே அழுத்து. கட்டும் போயிற்று, ஓரமும் போயிற்று. இருநூற்றுப் பதினைந்து தாள். என் சொற்களும் இருநூற்றுப் பதினைந்து. இதைத் தெய்வச் செயல் என்றுதான் வடிவிடம் சொன்னேன்.

ஜூலை 25, திங்கள்

அகராதிக் குழுக் கூட்டம். பதிப்பாசிரியர் டாக்டர் மரகதவல்லி, “‘ஸ்ட்ரூ’ என்ன ஆச்சு மிஸ்டர் அனவரதம்?” என்று மூன்றுமுறை கேட்டார். கண்டிப்பான அம்மாள். மேற்கோள் ஆதாரம் இல்லாத சொல்லை அச்சில் ஏற விடமாட்டார்.

என் மேசைக்கு எதிர் மேசை புலவர் கதிரொளி. இயற்பெயர் சூரியப்பிரகாசம். அவர் எழுந்து, “ஐயா, ஏன் குழம்புகிறீர்கள்? அது நம் சொல்தான்! சிதறு, சித்று, ஸ்ட்ரூ. கப்பலில் போகும்போது ‘த’வும் ‘ற’வும் கடல் காற்றில் இறுகிவிட்டன” என்றார். அப்படியானால் தமிழில் அதற்கு என்ன சொல் என்று கேட்டேன். “ஸ்ட்ரூ” என்றார்.

வடிவு இன்றும் வரவில்லை.

ஜூலை 27, புதன்

எனக்கு இன்று பெரிய பாராட்டு. முடித்துக் கொடுத்த இருநூற்றுப் பதினான்கு அட்டைகளையும் தட்டச்சு செய்து படி எடுத்துவிட்டார்கள். சரிபார்க்க அட்டைகளையும் படிகளையும் சேர்த்து என்னிடம் கொடுத்தபோது மரகதவல்லி அம்மையார், “மத்தவங்க எல்லாம் வெறும் பொருள் எழுதியிருக்காங்க. நீங்க ஒருத்தர்தான் ஒவ்வொரு சொல்லுக்கும் ஆதார எண் கொடுத்திருக்கீங்க” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. படியைப் பார்த்தேன். தட்டச்சுக்காரர் அட்டையின் இரண்டு பக்கங்களையும் அடித்திருக்கிறார். ‘ஸ்டப்பர்ன்: பிடிவாதமான, முரண்டு பிடிக்கிற. க.டீ.; உ 14; மா 36; க.மு 7, க.பி 9.’

புலவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர். “க.மு. ஏழா? ‘கி’க்குக் கொம்பு விட்டுப்போயிருக்கிறது ஐயா, கி.மு. ஏழு! முரண்டு என்ற சொல் கி.மு. ஏழிலேயே இருந்திருக்கிறது. கி.பி. ஒன்பதிலும் இருந்திருக்கிறது. இடையில் அறாமல்!”

நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். ‘கி’க்கு இருப்பது கொம்பு அல்ல, மேல்விலங்கு என்று திருத்தியிருக்க வேண்டும், திருத்தவில்லை. ஒரு மனிதனுக்குப் பாராட்டு வருவதே அபூர்வம்.

ஜூலை 28, வியாழன்

உ என்பது உரை. மா என்பது மாலை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஜூலை 31, ஞாயிறு

எஸ்.டி.டி. பூத்திலிருந்து தென்காசிக்குப் பேசினேன். மைத்துனன் எடுத்து, “அத்தான், அக்கா குளிச்சுக்கிட்டிருக்கா” என்றான். பக்கத்தில் நின்று “இல்லைன்னு சொல்லு” என்று அக்கா சொல்வது கேட்டது. பிறகு அவளே வாங்கினாள்.

“என்ன?”

“சாரல் எப்படி?”

“நோட்டு எங்க?”

“பத்திரமா இருக்கு. அகர வரிசையில.”

“யாரு கேட்டா அகர வரிசை? நான் தெருத்தெருவா வச்சிருந்தேன். பதினெட்டு வருசம். யாருக்கு எப்ப புள்ள பொறந்து இடுப்பு மாறிச்சு, யாருக்கு எந்தக் கை தூக்க முடியாது, எல்லாம் அதுல இருந்திச்சு. சொந்தச் சாமானத்தத்தான் எறச்சுப் போடுதீய, நான் கேக்கல. எம்பொழப்பையும்லா எறச்சுப்புட்டீய!”

“அகராதி வேலைக்காக...”

“அந்த வார்த்தை கெடச்சுட்டா?”

“இன்னும் இல்லை.”

“கெடைக்காது” என்று வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து ‘கெடைக்காது’ என்பதை வெகுநேரம் யோசித்தேன். எதிர்மறை வினைமுற்று. வேறு ஒன்றும் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 3, புதன்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி அப்படியே இருக்கிறது. அட்டைகள்தான் பறந்தன. படி திருத்திக்கொண்டிருந்தபோது ஜன்னல் கொக்கி விட்டு, இருநூற்றுப் பதினைந்தும் எழுந்து கூடத்தைச் சுற்றிக் கடுகின்மேலும் ரவையின்மேலும் வந்து விழுந்தன. ஆங்கிலப் பக்கம் கீழே, வடிவின் பக்கம் மேலே.

எடுக்கக் குனிந்தவன் படிக்க ஆரம்பித்துவிட்டேன். எழுத்தைக் கண்டால் படிக்காமல் விட முடியாது, அது என் வியாதி.

‘கனகா டீச்சர். கை ஒரு இஞ்ச் லூசு. போர்டுல எழுதணும்லா.’ ‘மூணாம் வீட்டு ராஜம்மா. இடுப்பு 34, போன வருசம் 30. கேக்கக்கூடாது, சந்தோசமா இருக்கா.’ ‘தபாலாபீஸ் பேச்சி. வலது தோள்ல பை மாட்டுதா, அந்தப் பக்கம் துணி ரெட்டை.’ ‘செவந்தி. நெஞ்சுல ஆபரேசன். இடது பக்கம் பஞ்சு வச்சுத் தைக்கணும். அளவு எடுக்கையில வேற பேச்சு பேசணும்.’

தட்டச்சுக்காரர் பெயரை எழுத்தாகச் சுருக்கி, எண்களை மட்டும் அடித்து, இதையெல்லாம் விட்டிருக்கிறார். ராத்திரிச் சாப்பாட்டை மறந்து படித்தேன். முப்பது வருடமாக நானும் பொருள் எழுதுகிறேன். ஒரு சொல்லைக்கூட இவ்வளவு துல்லியமாகத் தொட்டதில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

இன்னொன்று. க.மு. என்பது கழுத்து, முன்பக்கம். க.பி. என்பது கழுத்து, பின்பக்கம்.

ஆகஸ்ட் 4, வியாழன்

கனகா டீச்சரின் மார்பளவு பேரகராதியில் அச்சாகப் போகிறது. ‘பிடிவாதமான’ என்பதற்குப் பக்கத்தில்.

ஆகஸ்ட் 5, வெள்ளி

மேலும் ஒரு கஷ்டம். என்னிடமே தங்கிவிட்ட ‘ஸ்ட்ரூ’ அட்டையின் பின்பக்கத்தை இன்றுதான் பார்த்தேன்.

‘இவுக. நீ 29, மா 38, தோ 17, காலர் 15½. இடது தோள் ஒரு விரல் இறக்கம். சொல்லக்கூடாது, தைக்கும்போது சரி பண்ணிரணும்.’

காலர் என்றால் ஆண். என் மனைவி பெண்களுக்கு மட்டுமே தைப்பவள். அவளுடைய நோட்டில் ஓர் ஆண்பிள்ளையின் கழுத்து எப்படி வந்தது? மற்ற எல்லாருக்கும் பெயர் இருக்கிறது, வீடு இருக்கிறது. இதற்கு மட்டும் ‘இவுக’. இது பிரதிப்பெயர். பெயருக்குப் பதிலாக வருவது. யாருடைய பெயருக்கு?

பெயரை எழுதக்கூட அஞ்சுகிற அளவுக்கு ஓர் ஆள். அவனுடைய தோள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அவளுக்கு விரல் கணக்கில் தெரிகிறது. அதை அவனிடம் சொல்லக்கூடாதாம், மனம் புண்படுமாம்!

ஆகஸ்ட் 8, திங்கள்

மூன்று நாளாக ஊரில் ஆண்களின் தோள்களைப் பார்த்துவருகிறேன். காய்கறிக் கடைக்காரருக்கு வலது தோள் இறக்கம். பால்காரருக்கு இரண்டும் சமம். தபால்காரர் கொஞ்சம் சந்தேகம். “என்ன சார் அப்படிப் பாக்கீய?” என்று கேட்டுவிட்டார். கடிதம் ஏதாவது இருக்கிறதா என்றேன். இல்லை என்றார்.

தென்காசியில் யாராக இருக்கும்?

ஆகஸ்ட் 10, புதன்

வெளியே போக, சலவைச் சட்டை ஒன்றுதான் மிச்சம் இருந்தது. வடிவு போன தீபாவளிக்குத் தைத்தது. என் சட்டைகளை அவள்தான் தைக்கிறாள். அது கணக்கில் வராது. போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். கழற்றி மடித்துப் பார்த்தேன். இடது தோள் மடிப்பு வலதுக்குச் சரியாக விழவில்லை. நாடாவை எடுத்து அளந்தேன். காலர் பதினைந்தரை.

முப்பது வருடம் இடது தோளில் புத்தகப் பை சுமந்திருக்கிறேன். தோள் இறங்கியது எனக்குத் தெரியாது. சட்டை எப்போதும் சரியாக இருந்ததால் தெரியவில்லை.

‘இவுக’ நான்தான். என் பெயரை அவள் ஒருநாளும் சொன்னதில்லை, எழுதியதும் இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட அட்டையை நீட்டுவாள். இலக்கணம் படித்த எனக்கு இது விளங்க ஐந்து நாள் ஆயிற்று. நான் ஒரு முழு மடையன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். வடிவு வந்து இதைப் படித்தாலும் பரவாயில்லை. வந்தால் போதும்.

ஆகஸ்ட் 12, வெள்ளி

அட்டைகளோடும் படிகளோடும் அலுவலகத்துக்குப் போய் மரகதவல்லி அம்மையார் முன்னால் நின்றேன். புலவரும் இருந்தார்.

“மேடம், என் பகுதியில இருக்கிற எண்களை எல்லாம் நீக்கணும்.”

“ஏன்? அதுதான் மேலிடத்துல எல்லாருக்கும் பிடிச்சிருக்கு.”

“கி.மு. ஏழை நீக்கினால் நான் உண்ணாவிரதம் இருப்பேன்” என்றார் புலவர்.

“அது கி.மு. இல்ல. கழுத்து, முன்பக்கம்.”

“யாருடைய கழுத்து?” என்று புலவர் மெல்லக் கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டு, எந்திரம், ஒரே அழுத்து, தெய்வச் செயல் என்று சொன்னது, தென்காசி. அட்டைகளை வடிவிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் கேட்டேன். சொற்களை வேறு தாளில் நகல் எழுதித் தருவதாகச் சொன்னேன்.

அம்மையார் முகம் சிவந்துவிட்டது. அரசாங்க வேலையில் இப்படியும் ஒரு கேவலமா என்றார். எழுத்துமூலம் விளக்கம் கொடுங்கள் என்றார். அட்டைகள் அலுவலக உடைமை, இரும்பு அலமாரியில் நிரந்தரமாக இருக்க வேண்டியவை, யார் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்ட வேண்டியவை என்றார்.

எனக்கு அதற்குமேல் வழி தெரியவில்லை. ‘ஸ்ட்ரிக்ட்’ என்ற அட்டையைத் தேடி எடுத்துத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். ‘மரகதம் மேடம். அகராதி ஆபீஸ்’ என்று தொடங்கி அதில் எட்டு எண்கள் இருந்தன. கீழே, ‘வெளிய பெரிய அதிகாரி. கையத் தூக்கச் சொன்னா சின்னப் புள்ள கணக்கா கூசும். நல்ல மனசு.’

அம்மையார் அதை இரண்டுமுறை படித்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். புலவரை வெளியே போகச் சொல்லிவிட்டுத்தான் சாத்தினார்.

“எல்லாத்தையும் இப்பவே எடுத்துட்டுப் போங்க” என்றார். “படியில இருக்கிற எண்களை நானே என் கையால அடிச்சிடுறேன்.” கொஞ்சம் பொறுத்து, “என் ஆவணி ப்ளவுஸ் அவங்ககிட்டதான் இருக்கு. எப்ப வருவாங்க?” என்றார்.

அதுதான் எனக்கும் தெரியவில்லை என்றேன்.

ஆகஸ்ட் 15, திங்கள்

விடுமுறை. மூன்று நாளாக நகல் எழுதி முடித்தேன். தாள்களைத் தெருவரிசையில் அடுக்க வேண்டும். அவள் ஓரத்தில் போட்டிருந்த பக்க எண்களைத்தான் எந்திரம் தின்றுவிட்டதே! கனகா டீச்சரைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தேன். “இது ராஜம்மா வீடு, அடுத்தது பேச்சி” என்று அவர் சொல்லச் சொல்ல அடுக்கினேன். சில பெண்கள் கையில் இருப்பது என்ன என்று கேட்டார்கள். கனகா டீச்சர் பாவம், “வோட்டர் லிஸ்ட்” என்றார்.

கோணி ஊசியால் நானே தைத்தேன். தையல் நேராக வரவில்லை.

ஆகஸ்ட் 17, புதன். ஆவணி 1

தென்காசி. நல்ல சாரல். மைத்துனன் வீட்டு முன்னறையில் வடிவு யாருடைய மெஷினையோ வாங்கி வைத்துக்கொண்டு, சொந்த ஊசியைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து ஒரு நாற்காலியைக் காலால் தள்ளினாள்.

நோட்டை மடியில் வைத்து முதலிலிருந்து புரட்டினாள். ஒவ்வொரு தாளிலும் விரல் வைத்து ஒரு பெயர் சொன்னாள். மூன்றாம் தெருவில் ஒரு வீடு முன்பின்னாக இருந்தது. அதைச் சுட்டிக்காட்டினாள், திட்டவில்லை. கடைசித் தாள் ‘இவுக’. அதில் நின்றாள்.

“படிச்சீயளா?”

“படிச்சேன். அஞ்சு நாள் வேற ஆளுன்னு நினைச்சேன்.”

“வேற ஆளா?” அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இருமல் வரும்வரை சிரித்தாள்.

தாளைத் திருப்பினாள். மற்ற எல்லாவற்றிலும் என் கிறுக்கல் இருந்தது. இதில் மேலே ஓர் ஆங்கிலச் சொல், கீழே வெற்றிடம்.

“இதுல மட்டும் ஏன் ஒண்ணும் எழுதல?”

“அதுக்குத்தான் வார்த்தை கிடைக்கலை.”

“அப்படி என்னதான் அர்த்தம் அதுக்கு?”

“ஒருத்தன் நிறையச் சாமானைத் தரையெல்லாம், ஒரு வரிசை இல்லாம, இங்கொண்ணு அங்கொண்ணா போட்டு வைக்கிறது.”

வடிவு என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குச் சொல் இல்லை.

“எறச்சுப் போடுதது” என்றாள். “இதுக்கா ரெண்டு மாசம்?”

இறை. இறைத்தல். இறைத்துப் போடுதல். பொருள் இறைந்து கிடக்கும், கிடப்பதற்கு ஓர் ஆள் காரணமாக இருப்பான், ஒழுங்கு இருக்காது, தரை இருக்கும். எல்லா நிபந்தனையும் பொருந்துகிறது. வாசலில் நின்று சொன்னாள், தொலைபேசியில் சொன்னாள், முப்பத்தோரு வருடமாகத் தினம் காலையில் சொல்லியிருக்கிறாள். நான் வேறு எங்கெங்கோ தேடினேன்.

“வடிவு, நீ இந்த வார்த்தையை எத்தனை வருசமா சொல்லுத?”

“கல்யாணத்துக்கு மறுநாள்ல இருந்து. கேட்டாத்தான?”

வாயைத் திறந்து தப்பு என்னுடையது என்றேன். எனக்கு அப்படிச் சொல்லிப் பழக்கம் இல்லாததால் இரண்டுமுறை சொல்ல வேண்டியிருந்தது. அவள் நாடாவை எடுத்து, “எந்திரிங்க” என்றாள். என் தோளில் வைத்தாள். பென்சிலால் பழைய அளவை அடித்துவிட்டு, ‘ஒண்ணரை விரல்’ என்று எழுதினாள்.

“வீடு எப்படிக் கெடக்கு?”

“எறஞ்சு கெடக்கு” என்றேன்.

“நீங்க கெளம்புங்க. கடைசி பஸ்ஸ விட்டுருவீய” என்றாள். வருகிறேன் என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19, வெள்ளி

‘ஸ்ட்ரூ: இறை, இறைத்துப் போடு.’ கொடுத்தேன். மரகதவல்லி அம்மையார் ஆதாரம் எங்கே என்றார். ‘வடிவு, பாளையங்கோட்டை, 1963 முதல் நாள்தோறும்’ என்று எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். கிணற்றிலிருந்து நீர் இறைப்பதும் இதே சொல்தானா என்று புலவர் கேட்டார். ஆம் என்றேன். கி.மு.விலிருந்தா என்றார். நிச்சயம் என்றேன், மனிதர் கி.மு. ஏழு போனதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 21, ஞாயிறு

காலை ஆறு மணியிலிருந்து பொறுக்குகிறேன். செய்தித்தாள், வேட்டி, செருப்பு முடிந்தது. காணாமல்போன கரண்டி அகராதிகளுக்கு நடுவில் இருந்தது. ரவையை எறும்பு பாதி கொண்டுபோய்விட்டது, மீதியை நான் கூட்டி எடுத்தேன். கடுகுதான் கஷ்டம். ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருக்கிறது. ‘பொறுக்குதேன்’ என்று அவள் சொன்னது கடுகைப் பொறுக்குவதையா, என்னைப் பொறுத்துக்கொள்வதையா என்று குனிந்தபடியே யோசித்தேன். முதுகு வலித்ததில் இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றியது.

பத்தேமுக்காலுக்கு வாசலில் ஆட்டோ நின்றது. வடிவு இறங்கி, படியில் நின்று கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். அந்தச் சொல்லைச் சொல்வாள் என்று காத்திருந்தேன், சொல்லவில்லை. நேராக மெஷினிடம் போனாள். கைப்பையைத் திறந்து ஊசியை எடுத்து மாட்டி, திருகை முறுக்கினாள்.

“அந்தக் கட்டிலுக்கு அடியில ஒண்ணு கெடக்கு, பாருங்க” என்றாள்.

குனிந்து எடுத்தேன்.